சிவப்பில் நின்ற சைக்கிள்

ஜூன் 12, வியாழன்

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் நின்றேன். கால் உடைந்தது. இந்த வீட்டிலும் தெருவிலும் இதை முழுசாகக் கேட்க ஓர் ஆள் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தண்ணித்தொட்டி சிக்னலில் சிவப்பு விழுந்தது. வழக்கம்போல வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ரோட்டின் இடது ஓரத்தில், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன். "சைக்கிள்காரன் ஓரமாப் போ" என்று பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவன் வேறு எங்கே நிற்பான்? பின்னால் ஹாரன் அடித்தது. மதுரையில் ஹாரன் அடிக்காத நேரம் எது? நான் திரும்பவில்லை. அந்த சிக்னலில் இடது பக்கம் திரும்புகிற வண்டிகளுக்கு சிவப்பு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். ஃப்ரீ லெஃப்ட் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு ஸ்கூல் வேன் திரும்பியது. நான் நின்ற இடத்தின் மேலேயே திரும்பியது.

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. வேனில் பிள்ளைகள் யாரும் இல்லை, எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பி வந்த வண்டியாம். அந்த மட்டும் நல்லது.

கட்டுப் போட்டவர் வலியில் நான் கத்துவதற்குள் கேட்டார்: "சைக்கிள்தானண்ணே? எதுக்கு நின்னீங்க?"

ஜூன் 13, வெள்ளி

பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு அறிவுரையும் கொண்டு வருகிறார்கள். ஆப்பிளை என் மனைவி அமுதா வெட்டிக் கொடுத்துவிடுகிறாள். அறிவுரையை நான்தான் விழுங்க வேண்டியிருக்கிறது.

என் மச்சினன் வந்தான். கட்டைத் தட்டிப் பார்த்தான், ஏதோ தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி. "மச்சான், சைக்கிளுக்கு ஏது சிக்னல்? அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டுப் போயிட்டே இருக்க வேண்டியதுதான? இவர் ஒருத்தர்தான் நிக்கிறாரு, ஊரே போகுது."

ஊரே போகிறதாம். ஊரே போவதால்தான் ஊர் இந்த லட்சணத்தில் இருக்கிறது! சிவப்பு என்றால் நிற்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் படத்தின் அடியில் சைக்கிள் மட்டும் போகலாம் என்று எங்காவது போட்டிருக்கிறதா? தப்புச் செய்தவனை விட்டுவிட்டார்கள். ஒழுங்காக நின்றவனை நிற்க வைத்து, இல்லை, படுக்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கட்டுக்குள் தாங்க முடியாத அரிப்பு. மகளின் ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிந்தேன். அது பாதி வழியில் சிக்கிக்கொண்டு, அமுதா வந்து இழுத்து எடுத்தாள். பிறகு அவள் அதைக் கழுவிய விதத்தைப் பார்த்தால் எனக்குத் தொழுநோய் என்று நினைப்பார்கள்.

மகள் இலக்கியா பிளஸ் டூ படிக்கிறாள். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிளில்தான் போய் வருகிறாள். அவளுக்கும் அதே தண்ணித்தொட்டி சிக்னல்தான். அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான். பெடலை மிதிப்பதற்கு முன்னால் சிவப்பில் நிற்கச் சொல்லிக் கொடுத்தேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

இன்று மத்தியானம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பா, நாளைக்கு சிக்னல்ல நான் நிக்கவா, போகவா?"

இது ஒரு கேள்வியா? நிற்கத்தான் வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். அமுதா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

ஜூன் 18, புதன்

என்னை இடித்த வேன் டிரைவர் வந்தான். சேவுகன் என்று பெயர். என்னைவிடக் கொஞ்சம் இளையவன். கையில் சாத்துக்குடிப் பை. இவனைத் திட்டுவதற்காகவே நல்ல நல்ல வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். அவன் நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"நான் ஹாரன் அடிச்சேண்ணே. கேக்கலயா?"

"கேட்டுச்சுய்யா. ஹாரன் அடிச்சா நான் என்ன பறந்தா போறது? செவப்பு எரியுதுல்ல?"

"இல்லண்ணே, போயிருவீங்கன்னு நெனச்சேன். சாமி சத்தியமாச் சொல்றேன், நான் ஸ்டியரிங்கப் புடிச்ச நாள்லருந்து சிக்னல்ல ஒரு சைக்கிள் நின்னு பாத்ததே இல்ல. அதுபாட்டுக்குப் போயிட்டே இருக்கும். போயிரும்னு நெனச்சுத்தான் திருப்புனேன்."

"முன்னால ஆளு இருக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா, இல்லையா?"

"சைக்கிள் தெரிஞ்சுச்சுண்ணே. நிக்கிறது தெரியல."

நான் பொறுக்கி வைத்த வார்த்தைகள் ஒன்றும் வெளியே வரவில்லை. இவனைத் திட்ட முடியவில்லையே என்று இன்னும் ஆத்திரம் வந்தது. கண்ணில் கோளாறு இருக்கும், எங்கள் கடைக்குப் போய்ச் சோதித்துப் பார், நான் சொன்னதாகச் சொல் என்று அனுப்பி வைத்தேன். அவன் போன பிறகு அமுதா, "பாவமா இருக்குங்க" என்றாள். யார் என்று கேட்டேன். சாத்துக்குடியைப் பிழியப் போய்விட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

ஏட்டு வந்தார், வாக்குமூலம் வாங்க. இரண்டு வாய் காபி குடித்துவிட்டு, நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பாதிப் பக்கம் எழுதிவிட்டார். படித்துக் காட்டச் சொன்னேன். "நிற்கக் கூடாத இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது" என்று ஆரம்பித்தது.

"ஏட்டையா, நிக்கக் கூடாத எடம்னு எப்படி எழுதலாம்?"

"ஃப்ரீ லெஃப்ட்ல நின்னீங்கள்ல? அங்க வண்டி திரும்பும்ல?"

"நேராப் போறவன் பெறகு எங்கிட்டு நிக்கிறது?"

"நடுவுலதான்."

"போன சித்திரைல அதே நடுவுல நின்னேன். சைக்கிளுக்கு நடுரோடு கேக்குதான்னு விசில் ஊதி என்னய ஓரத்துக்கு வெரட்டுனது யாரு? நீங்கதான?"

ஏட்டு என்னை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வந்த மாதிரி தெரிந்தது, வராத மாதிரி காபியை எடுத்துக் குடித்தார். "சார், நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க நிக்காமப் போயிருந்தா யாராச்சும் புடிச்சிருப்பமா? இன்னைய வரைக்கும் ஒரு சைக்கிள்காரனை நாங்க புடிச்சிருக்கமா?"

"அப்ப சிக்னல் எங்களுக்கு இல்லனு எழுதிக் குடுங்க."

"அதெப்படி எழுத முடியும்? சட்டப்படி எல்லாருக்கும்தான்."

நடுவில் நின்றால் விசில். ஓரத்தில் நின்றால் வேன். நிற்காமல் போனால் சட்டம் மீறியவன். இந்த ரோட்டில் வேனுக்கு இடம் இருக்கிறது, தள்ளுவண்டிக்கு இருக்கிறது, மாடு படுப்பதற்குக்கூட இடம் இருக்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு சைக்கிள்காரன் நிற்க முழ அகலம் இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. எங்கே நிற்பது என்று எழுதிக் கொண்டு வாருங்கள், அதற்குக் கீழே போடுகிறேன் என்றேன். ஏட்டு தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். இனி வரமாட்டார்.

ஜூன் 21, சனி

சேவுகனுக்குக் கண்ணைச் சோதித்துவிட்டார்களாம். கடை முதலாளி போன் பண்ணினார். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம், கழுகுப் பார்வையாம். நன்றாகப் போயிற்று.

ஜூன் 23, திங்கள்

காலையில் இலக்கியா கிளம்பும்போது வாசலில் அமுதாவின் குரல் தணிந்து கேட்டது. கால்தான் உடைந்திருக்கிறது, காது உடையவில்லை.

"செவப்பா இருந்தாலும் நிக்காத, பாப்பா. ரெண்டு பக்கமும் பாத்துட்டு பையப் போயிரு. ஒங்கப்பா மாதிரி நின்னுக்கிட்டு இருக்காத."

"அப்பா நிக்கணும்னு சொல்லுவாங்கள்ல?"

"அப்பா ஒண்ணும் சொல்லலைல?"

என் வீட்டிலேயே, என் வாசலிலேயே சட்டம் மீறப் பாடம் நடக்கிறது. எழுந்துபோய் இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஊன்றுகட்டை எட்டாத தூரத்தில் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஊன்றுகட்டையைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள் அமுதா. இன்று வாசலில் யாரும் எதுவும் பேசவில்லை.

ஜூன் 30, திங்கள்

இலக்கியா இருட்டும் வரைக்கும் வரவில்லை. மாலை முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. வந்ததும், வெளிக் கதவைச் சாத்தாமல் வருகிறாயே, நாய் உள்ளே வராதா என்று சத்தம் போட்டேன். நல்ல சத்தம். பக்கத்து வீட்டில் டீவியைக் குறைத்தார்கள்.

சைக்கிள் செயின் கழன்றுவிட்டதாம். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கேட்டதற்கு பெஞ்சில் இடித்துக்கொண்டாளாம். பெஞ்சில் இடித்தால் மண் ஒட்டுமா? கேட்கவில்லை. மஞ்சள் வைத்துவிடச் சொன்னேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை. அதைச் சொன்னதும் அமுதா, "நீங்க இன்னும் வாயில வைக்கவே இல்ல" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

கட்டைக் காட்டி வர ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் நானும் அமுதாவும். காலை நீட்டிக்கொண்டதால் வேறு யாரையும் ஏற்ற முடியவில்லை.

தண்ணித்தொட்டி சிக்னலில் சிவப்பு. எங்களுக்கு முன்னால் இரண்டு கார், அதற்கும் முன்னால் ஒரு சைக்கிள். நடு ரோட்டில், வெள்ளைக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ரெட்டைச் சடை, முதுகில் பை. அமுதா என் கையைப் பிடித்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது, எங்கள் இலக்கியா.

கார்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடிக்கிறான். பைக்கில் வந்த ஒருவன் அவளை ஒட்டி நிறுத்தி என்னவோ திட்டிவிட்டுக் குறுக்கே போகிறான். அவள் திரும்பவே இல்லை. அந்த நேரம் பின்னால் இருந்து ஒரு தண்ணீர் லாரி, ஃப்ரீ லெஃப்டில் திரும்புவதற்கு, உறுமிக்கொண்டு வந்தது. என்னை வேன் அடித்த இடத்தை நோக்கித்தான் வந்தது.

"போ பாப்பா! நிக்காத! போயிரு, போயிரு!" என்று ஆட்டோவிலிருந்து யாரோ கத்தினார்கள். சிவப்பு எரியும்போது ஒரு படிக்கிற பிள்ளையைப் பார்த்து இப்படியா கத்துவது? இந்த ஊரில் யாருக்கும் பொறுப்பே கிடையாது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அமுதாவும் பார்த்தாள்.

இலக்கியா திரும்பினாள். எங்களைப் பார்த்தாள். கையை உயர்த்தி சிவப்பு விளக்கைக் காட்டினாள். லாரி அவளுக்கு இடது பக்கமாக, நல்ல இடைவெளி விட்டுத் திரும்பிப் போயிற்று. பச்சை விழுந்தது. அவள் போனாள்.

எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்று டாக்டர் சொன்னார். ரத்த அழுத்தம்தான் ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டார்.

அதே நாள், மாலை

இலக்கியா வந்து பையைக்கூட இறக்கவில்லை. "அப்பா, ஒங்க சத்தம் சிக்னல் பூராக் கேட்டுச்சு" என்றாள்.

"நான் எங்க கத்துனேன்?"

"அப்ப ஆட்டோக்காரரா என்னய பாப்பானு கூப்புட்டாரு?"

அமுதா சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் எனக்கு மரியாதை என்பது மிச்சம் இருந்தால் அது இன்றோடு சரி.

"நிக்கணும்னு சொல்லிக் குடுத்தது நீங்க. இன்னைக்கு போ போங்கறதும் நீங்க. நான் எதைப்பா கேக்கறது?"

"அன்னைக்கு நான் கேட்டப்ப ஒண்ணுமே சொல்லாம குக்கரப் பாத்தீங்க" என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். பிறகு முழங்கையைக் காட்டினாள். அது பெஞ்சு இல்லை. ஒரு வாரம் அம்மா சொன்னபடி சிவப்பில் நிற்காமல் போயிருக்கிறாள். அன்றைக்கு குறுக்கே வந்த பைக் அவள் ஹேண்டில்பாரை உரசி, கீழே தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. பைக்காரனுக்குப் பச்சை. தப்பு முழுக்க அவள் மேல்தான். எழுந்து, செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் வெளிக் கதவுக்காகச் சத்தம் போட்டேன்.

அமுதா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"அதுக்கப்புறம் நிக்கிறேன்பா. ஆனா ஓரத்துல இல்ல, நடுவுல."

"ஏட்டு சொன்னதையே நீயும் சொல்றியா?"

"ஏட்டா வந்து நிக்கிறாரு? நான்ல நிக்கிறேன். நடுவுல நின்னா எல்லாரும் திட்டுறாய்ங்கப்பா. அசிங்க அசிங்கமாத் திட்டுறாய்ங்க. ஆனா திட்டுறவன் இடிக்க மாட்டான். நான் நிக்கிறத அவன் பாத்துட்டான், அதான் திட்டுறான்."

பதினேழு வயசுப் பிள்ளை. பள்ளிக்கூடம் போய் வர அசிங்கமான வசவை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதையும் பாதுகாப்பு என்று அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். இந்த ஊருக்கு வெட்கமாக இல்லையா? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

நேற்றும் இன்றும் ஏட்டின் மேல், கார்காரன் மேல், பலகை வைத்தவன் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தேன். கோபம் ஓய்ந்த நேரத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இலக்கியா நின்றாலும் பயம், போனாலும் பயம். மூன்று வாரத்துக்கு மேலாக நான் அவளுக்குப் பதில் சொல்லாததற்கு குக்கர் காரணமில்லை.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "நில்லு, பாப்பா. நீ நிக்கிற எடத்துலயே நில்லு" என்றேன். அமுதா மறுப்புச் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கால் என்னுடையது மாதிரியே இல்லை, முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. காணாமல் போன என் பேனா மூடியும் உள்ளே இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பின்சக்கரம் மாற்றி, சைக்கிளைத் துடைத்து வைத்திருக்கிறேன். நாளை முதல் கடைக்கு. மச்சினன் போனில், "பஸ்ல போங்க மச்சான்" என்றான். பஸ் சிக்னலில் நிற்குமா என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடைக்கு நேரம் இருந்தாலும் இலக்கியாவோடு சேர்ந்தே கிளம்பினேன். அமுதா தெரு திரும்பும் வரை வாசலில் நின்றாள். பைய என்றும் சொல்லவில்லை, பார்த்து என்றும் சொல்லவில்லை.

தண்ணித்தொட்டி சிக்னலில் சரியாக நாங்கள் போகும்போது சிவப்பு. என் கை தானாக ஹேண்டில்பாரை ஓரத்துக்குத் திருப்பியது. "இங்கிட்டு வாங்கப்பா" என்றாள் இலக்கியா. நடு ரோட்டில், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அவள் பக்கத்தில் நின்றேன். ஊன்றிய கால் நடுங்கியது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் நடுக்கத்துக்கு எலும்பைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஆரம்பித்தார்கள். பஸ் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரோட்ட ஒங்க பேருல எழுதி வாங்கிட்டீங்களா?" என்றார். ஒரு பைக்காரன், "யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்றான். சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இலக்கியா நேரே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து நானும் நேரே பார்த்தேன்.

எங்களுக்கு நேர் பின்னால் ஒரு ஹாரன், நீளமாக, காதைக் கிழித்துக்கொண்டு. சிவப்பில் அவனாலும் போக முடியாது. ஆனாலும் அடிக்கிறான். கூடவே குரலும் வந்தது.

"யோவ், அறிவிருக்காய்யா? சைக்கிள வச்சுக்கிட்டு நடுரோட்டுல என்னய்யா நிக்கிற? ஓரமாப் போய்த் தொலைய்யா!"

எனக்குச் சுருக்கென்று வந்தது. இறங்கி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று திரும்பினேன். மஞ்சள் வேன். ஜன்னல் எல்லாம் பிள்ளைகளின் தலை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சேவுகன், திட்டத் திறந்த வாயோடு அப்படியே இருந்தான். கை மட்டும் ஹாரனை விட்டு மெல்லக் கீழே இறங்கியது.

"அண்ணே..." என்றான். "நீங்களாண்ணே?"

"நாந்தான்யா. ஏன் நிறுத்திட்ட? திட்டு."

இலக்கியா சிரித்தாள். பச்சை விழுந்தது. பின்னால் இருந்த அத்தனை வண்டிகளும் சேவுகனைத் திட்ட ஆரம்பித்தன. பெடலில் காலை வைப்பதற்கு முன்னால் குனிந்து ஒரு தடவை பார்த்தேன். என் பின்சக்கரத்துக்கும் வேனுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. நான் நிற்பதை இந்தத் தடவை அவன் பார்த்துவிட்டான்.